ஸ்பேஸ் பாரின் இடது ஓரம்

பிப்ரவரி 27, திங்கள்

ஒரு டம்ளர் காபிக்காக நான் பெற்ற மகளை வீட்டைவிட்டுத் துரத்திவிட்டேன் என்று கோயில் வாசலில் பேச்சாம். எதிர்வீட்டு அமலி கேட்டைப் பிடித்துக்கொண்டு, எனக்கு ஏதோ உதவி செய்வதைப்போல் சொல்லிவிட்டுப் போனாள். இதில் இரண்டு பிழைகள். அது காபி அல்ல, டீ. நான் துரத்தவில்லை, அவளாகப் போனாள்.

நடந்ததை நடந்தபடி எழுதிவைப்பதற்காகவே இந்த டைரியை எடுத்திருக்கிறேன்.

பிப்ரவரி 16, வியாழன், மாலை நாலரை மணி. மறைந்த என் கணவரின் அக்கா சூசம்மாள் மதினி வந்திருந்தார். அவருக்கு எண்பத்திரண்டு வயது. இந்தக் குடும்பத்தில் மிஞ்சியிருக்கும் ஒரே மூத்தவர். என் மகள் ஜெசிந்தா டீ கொண்டுவந்து இடது கையால் நீட்டினாள். பெரியவர்களுக்கு இடது கையால் எதையும் கொடுக்கக் கூடாது என்பது மூன்று வயதுக் குழந்தைக்குத் தெரியும். இவளுக்கு நாற்பத்தேழு. நான் கேட்டது ஒரே ஒரு வாக்கியம்: "ஏன், வலது கை எங்கயும் விருந்துக்குப் போயிருக்கா?" குரலை உயர்த்தவில்லை. நான் எப்போதும் குரலை உயர்த்துவதில்லை.

அவள் டம்ளரை முக்காலியில் வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் நான் காலைப் பூசைக்குப் போய்த் திரும்புவதற்குள் கிளம்பிவிட்டாள். ஒரு தாளில் நாலு வரி எழுதிவைக்கக்கூட மரியாதை இல்லை. என் போனுக்கு ஒரு செய்தி: "அம்மா போறேன் தேட வேண்டாம் ஆபீஸ் லேப்டாப் வாங்க ஆள் வரும் குடுத்துருங்க" அதில் ஒரு முற்றுப்புள்ளி கிடையாது. நான் படித்த அதே கன்னியர் மடத்துப் பள்ளியில் பன்னிரண்டு வருடம் படித்தவள்.

அன்று ஏழு முறை கூப்பிட்டேன். போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. எட்டாவது முறை நான் கூப்பிடவில்லை.

பிப்ரவரி 28, செவ்வாய்

சமையல் கேஸுக்குப் பதிவு செய்தேன். சிலிண்டர்காரர் எந்நேரமும் கூப்பிடலாம் என்பதால் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். குளிக்கும்போதும் குளியலறை ஜன்னலில் வைத்திருந்தேன்.

மார்ச் 2, வியாழன்

ஜெசிந்தாவின் அறையைக் கூட்டித் துடைத்தேன். எவ்வளவு நாள்தான் தூசியோடு கிடப்பது.

மேசைமேல் கம்பெனி லேப்டாப் மூடியபடி இருந்தது. அவளுடையது வெளிநாட்டு டாக்டர்கள் தங்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்வதைக் காதில் மாட்டிக் கேட்டு, அப்படியே டைப் அடித்துக் கொடுக்கும் வேலை. பத்து வருடமாக வீட்டிலிருந்தே செய்கிறாள். தூசி தட்டத் திறந்தேன். விசைகளைப் பார்த்ததும் முகம் சுளித்தேன். கறுப்பு விசைகள் எல்லாம் எண்ணெய் தடவியதுபோல் பளபளவென்று இருந்தன.

இப்படித்தான் இருக்கும். முன்பெல்லாம் சாப்பாட்டு மேசையில் என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவள், போன வருடத்திலிருந்து தட்டை அறைக்குள் எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள். ரசம் சோற்றைக்கூட ஸ்பூனால் சாப்பிடுகிறாள். முறுக்கைத் தின்ற விரலாலேயே டைப் அடித்திருப்பாள். ஒன்றில் ஒழுங்கு போனால் எல்லாவற்றிலும் போய்விடும். சேலை கட்டுவதை விட்டாள். பாடகர் குழுவில் ஆர்மோனியம் வாசிப்பதை விட்டாள். இடுப்புவரை இருந்த முடியைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டு வந்து நின்றாள். "என்னால பராமரிக்க முடியலம்மா" என்றாள். அதற்கு நான் பத்து நாள் அவளோடு பேசவில்லை. என் கல்யாணத்துக்கு வந்த பீங்கான் கோப்பைகள் ஆறில் மூன்றை ஒரே வருடத்தில் உடைத்தாள். நாற்பத்தெட்டு வருடம் அவை என் கையில் இருந்தன, ஒரு விளிம்பு போனதில்லை.

அந்தக் கம்பெனிக்காரர்கள் இதைப் பார்த்தால் இந்த வீட்டைப் பற்றி என்ன நினைப்பார்கள்? பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஒவ்வொரு விசையாகத் துடைத்தேன். ஒரு மணி நேரம் ஆயிற்று.

மார்ச் 3, வெள்ளி

பிசுக்கு போகவில்லை. ஈரம் காய்ந்ததும் முன்னைவிட மினுக்குகிறது. இன்று சோடா உப்பைக் குழைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்தேன்.

மாலையில் கோயிலில் சிலுவைப்பாதை வழிபாட்டுக்குப் போனேன். எல்லாரும் எனக்கு வழி விட்டார்கள். அந்த மரியாதையின் பொருள் எனக்குத் தெரியும்.

மார்ச் 6, திங்கள்

பதினொரு மணிக்கு லேப்டாப் வாங்க ஆள் வந்தார். தலையில் ஹெல்மெட்டோடு கேட்டுக்கு வெளியே நின்று, "ஆச்சி, ஜெசிந்தா மேடம் வீடு இதானா?" என்றார்.

"நான் உங்களுக்கு ஆச்சி இல்லை. மிஸஸ் இக்னேஷியஸ். ஹெல்மெட்டைக் கழத்திட்டு உள்ள வாங்க."

"சரிங்க, மிஸஸ் ஆச்சி."

கேலியா பணிவா என்று தெரியவில்லை. ஐம்பது வயது இருக்கும், நரைத்த மீசை. கழுத்தில் தொங்கிய அட்டையில் சுடலைமுத்து என்று இருந்தது. தாளை வைத்துக்கொண்டு திரை, மூடி, கீல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து டிக் போட்டார். விசைகளுக்கு வந்ததும் சற்று நின்றார். நான் முந்திக்கொண்டேன்.

"நாலு நாளாத் துடைக்கேன். எண்ணெய்ப் பிசுக்கு. சுத்தமாக்காம நான் எதையும் திருப்பிக் குடுக்கிற வழக்கமில்லை."

அவர் சிரித்தார். "எண்ணெய் இல்லம்மா இது. தொட்டுப் பாருங்க, ஒட்டுதா? புதுசுல கீ மேல பொடி மணல் மாதிரி ஒரு சொரசொரப்பு இருக்கும். விரல் பட்டுப் பட்டு அது தேஞ்சிரும். நீங்க தேய்க்கத் தேய்க்க இன்னும்தான் மினுக்கும்."

"அப்போ அழுக்கு இல்லையா?"

"அழுக்குன்னா வந்து ஒட்டுறது. இது இருந்தது போனது. போனதை எப்படித் துடைப்பீங்க?"

விரலால் தொட்டுப் பார்த்தேன். ஒட்டவில்லை.

"கம்பெனில ஒண்ணும் சொல்லமாட்டாங்க," என்றார். "எந்த மெஷினும் இப்படித்தான் வரும். ஆனா மேடம் ஜனவரி முப்பத்தொண்ணோட வேலையை விட்டுட்டாங்கல்லா, இத்தனை நாளா ஏன் குடுக்காம வச்சிருந்தாங்க?"

"உங்க தாள்ல தப்பா இருக்கு."

அவர் தாளைத் திருப்பிக் காட்டினார். தப்பு இல்லை. பிப்ரவரி 16 வரை அவள் தினமும் காலை ஒன்பதுக்கு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மாலை ஆறுக்கு வெளியே வந்தாள். ஆறு மணிக்கு, "இன்னிக்கு ரொம்ப வேலைம்மா" என்பாள்.

சார்ஜரைத் தேட வேண்டும், வியாழக்கிழமை வாருங்கள் என்று அவரை அனுப்பினேன். சார்ஜர் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. இந்தப் பொய்யைச் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டும்.

மார்ச் 7, செவ்வாய்

சாமியாரிடம் சொல்வதற்குமுன் பொய்க்குக் காரணம் என்ன என்று எனக்கே தெரிய வேண்டும். அந்த விசைகளை இன்னொரு முறை நல்ல வெளிச்சத்தில் பார்க்க விரும்பினேன். காரணம் அவ்வளவுதான்.

ஜெசிந்தா முன்பு வைத்திருந்த பழைய லேப்டாப் பீரோவின் கீழ்த்தட்டில் இருந்தது. ஆறு வருடம் வேலை பார்த்து ஓய்ந்தது. இரண்டையும் ஜன்னல் பக்கம் கொண்டுபோய் அருகருகே திறந்துவைத்தேன்.

எனக்கு டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்தவர் சிஸ்டர் அகஸ்டா. ஸ்பேஸ் பாரை வலது கட்டைவிரலால் மட்டுமே தட்ட வேண்டும். இடது கட்டைவிரல் பட்டால் அடிக்குச்சி விழும். டைப்ரைட்டிங் ஹையர் தேர்வில் மாவட்டத்தில் முதலாவதாகத் தேறினேன். கல்லூரி அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன். ஜெசிந்தாவுக்குப் பத்து வயதில் நான்தான் சொல்லிக்கொடுத்தேன், அடிக்குச்சியும் வைத்துக்கொண்டுதான்.

பழைய லேப்டாப்பில் ஸ்பேஸ் பாரின் வலது பாதியில், கட்டைவிரல் விழும் இடத்தில், நகத்தளவு பளபளப்பு. மற்ற இடமெல்லாம் புதுசு போலச் சொரசொரப்பு. எழுத்து விசைகள் ஒவ்வொன்றும் சரியாக நடுவில் தேய்ந்திருந்தன. நான் சொல்லிக்கொடுத்தது அப்படியே அதில் இருந்தது.

புதியதில் ஸ்பேஸ் பாரின் இடது ஓரம் கண்ணாடியாக மின்னுகிறது. வலது பாதியில் ஒரு விரலும் பட்டதாகத் தெரியவில்லை. வலது கைக்குரிய எழுத்துகள் எல்லாம் தங்கள் இடது விளிம்பில் மட்டும் சாய்வாகத் தேய்ந்திருக்கின்றன, பக்கவாட்டிலிருந்து வேறொரு விரல் எட்டி எட்டி வந்து தட்டியதுபோல.

கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டு சோம்பேறித்தனமாக ஒற்றைக் கையால் அடித்திருக்கிறாள். இப்படித்தான் முதலில் நினைத்தேன். அதை இங்கே எழுதவும் உட்கார்ந்தேன். பிறகு பேக்ஸ்பேஸ் விசையைப் பார்த்தேன். பழையதில் அது தேயவே இல்லை. ஜெசிந்தா பிழை விடமாட்டாள். புதியதில் எல்லா விசைகளையும்விட அதிகம் தேய்ந்தது அதுதான். அடித்து, அழித்து, அடித்து, அழித்திருக்கிறாள்.

வலது கையை மடியில் வைத்துக்கொண்டு அணைந்திருந்த லேப்டாப்பின் விசைகளில் இடது கையால் அடித்துப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் மணிக்கட்டு வலித்தது.

இந்த லேப்டாப்பைக் கம்பெனி கொடுத்தது போன வருடத்துக்கு முந்தின வருடம், டிசம்பர் தொடக்கத்தில். வேலையை விட்டது ஜனவரி முடிவில். நடுவில் பதினான்கு மாதங்கள்.

தோசைக்கு வழக்கமான அளவே அரைத்துவிட்டேன். ஒருத்திக்கு அதிகம். அமலி வீட்டுக்குக் கொஞ்சம் கொடுத்தேன்.

மார்ச் 8, புதன்

இடுப்புவரை இருக்கும் முடியை ஒரு கையால் பின்ன முடியாது.

மார்ச் 9, வியாழன்

சுடலைமுத்து சொன்ன நேரத்துக்கு வந்தார். சார்ஜரைக் கொடுத்தேன். பூர்த்தி செய்த தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார். மூக்குக்கண்ணாடி போட்டு முழுவதையும் படித்தேன். விசைப்பலகைக்கு எதிரே, "சாதாரணப் பயன்பாட்டால் ஏற்பட்ட தேய்மானம், தோற்றத்தில் மட்டும்" என்று அச்சிட்டு ஒரு டிக் போட்டிருந்தது.

பேனாவை எடுத்து "சாதாரண" என்பதை அடித்தேன்.

"அம்மா, அது கம்பெனி ஃபாரம். அதுல கிறுக்கக் கூடாது."

"கிறுக்கலை. திருத்தியிருக்கேன். பக்கத்துல என் கையெழுத்தும் இருக்கு."

அவர் தாளையும் என்னையும் பார்த்தார். "மேடம் நல்லா இருக்காங்கல்லா?"

"வெளியூர் போயிருக்கா."

"வந்தா விசாரிச்சதாச் சொல்லுங்க. போன தீபாவளிக்கு வேற சார்ஜர் குடுக்க வந்தேன். அவங்களே கேட்டுக்கு வந்து வாங்குனாங்க. 'இடது கைல வாங்குதேன்னு தப்பா நினைச்சுக்காதீங்கண்ணே'ன்னாங்க. நான் அத கவனிக்கக்கூட இல்ல."

அவர் போன பிறகு கேட்டைச் சாத்த மறந்து உள்ளே வந்துவிட்டேன். மாடு நுழைந்து செம்பருத்தியைத் தின்றுவிட்டது.

மார்ச் 10, வெள்ளி

சூசம்மாள் மதினி வீட்டுக்கு ஆட்டோவில் போனேன். சாந்தி நகர் வரை ஆட்டோக்காரர் ஏதோ பேசிக்கொண்டே வந்தார், ஒன்றும் காதில் விழவில்லை. மதினி கட்டிலில் உட்கார்ந்து பயறு புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்தார்.

"வா. மூணு வாரம் ஆச்சு உனக்கு இங்க வர."

"கோயில் வாசல்ல என்னைப் பத்திப் பேசினது யாருன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போலாம்னு வந்தேன், மதினி."

"நாந்தான்."

நான் கைப்பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டேன்.

"நீ கோவத்துலயாவது என்னைத் தேடி வருவேன்னு பாத்தேன். வந்துட்ட."

"அது காபி இல்லை. டீ."

"தெரியும்ட்டி. குடிச்சவளுக்குத் தெரியாதா? தப்பாச் சொன்னாத்தான் நீ திருத்த வருவே."

இந்த எண்பத்திரண்டு வயதிலும் அவரால் என்னைச் சின்னப் பெண்ணாக்கிவிட முடிகிறது. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அவ கையில என்ன?" என்று கேட்டேன்.

மதினி சேலை முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார். "பாத்துட்டியா? யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலை. லேப்டாப்புல இருந்துச்சு."

அதை அவர் கேட்டுக்கொள்ளவில்லை. "நரம்புல ஏதோவாம்ட்டி. மொதல்ல விரலு மரத்துச்சு. பொறவு பிடி போச்சு. சட்டைப் பித்தான் போட முடியல. அன்னைக்கு வலது கையில டம்ளரத் தூக்குனா நான் வெந்துபோயிருப்பேன்னுதான் அந்தக் கையில குடுத்தா. அவ தோளு நடுங்குனத நான் பாத்தேன். நீ கையத்தான் பாத்த."

"உங்ககிட்ட எப்போ சொன்னா?"

"கிறிஸ்மசுக்கு. யாருட்டயும் சொல்லாதீங்க அத்தைன்னு என் கால்மாட்டுல உக்காந்து அழுதா. இப்ப வலது காலும் இழுக்குதாம். ஊரான் வீட்டு நோயெல்லாம் டைப் அடிச்சவளுக்குத் தன் நோய் என்னன்னு புரியாமலா இருக்கும்? மதுரைல கூடப் படிச்ச பிள்ளை வீட்டுல இருக்கா. இருவத்தொண்ணாம் தேதி ஆஸ்பத்திரில பெரிய டெஸ்ட்டாம்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

மதினி முறத்தை எடுத்து மறுபடியும் புடைக்கத் தொடங்கினார். "நீ திட்டுவேன்னு இல்லட்டி. திட்டுனா அவ தாங்கிக்குவா. மார்க் கொறஞ்சா பேப்பர எந்தம்பிகிட்டதானே காட்டுவா. குறையா இருக்கிற எதையும் உன் முன்னால கொண்டாந்து வைக்க அவளுக்குத் தெரியாது. சின்னதுலேருந்தே தெரியாது."

முறத்திலிருந்து தூசி பறந்தது. எனக்கு இருமல் வந்தது. தண்ணீர் கொடுத்தார், குடித்தேன்.

"நம்பரைக் குடுங்க, நான் பேசுறேன்."

"நீ கூப்பிட்டா எடுக்கமாட்டா. எழுதிக் குடு. செவ்வாக்கிழம என் பேரன் மதுரை போறான், அவங்கிட்டக் குடுத்து விடுதேன்."

மார்ச் 11, சனி

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். சார்ஜரைப் பற்றிச் சொன்னேன். அதன்பிறகு வேறு ஏதும் உண்டா என்று சாமியார் கேட்டார். உண்டு என்று சொல்லிவிட்டு வெகுநேரம் முழங்காலிலேயே இருந்தேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் செருமினார்கள். எழுந்து வந்துவிட்டேன்.

மார்ச் 12, ஞாயிறு

கடிதம் எழுத உட்கார்ந்தேன். முதலில் எழுதியது நாலு பக்கம். அதில் மூன்றரைப் பக்கம் என் தரப்பு நியாயம். கிழித்துவிட்டேன். இரண்டாவதில் "நீ சொல்லியிருந்தால்" என்று ஒன்பது இடத்தில் வந்தது. அதையும் கிழித்தேன். மூன்றாவதாக அவளைத் திரும்பி வரச்சொல்லி எழுதினேன். படித்துப் பார்த்தால் அலுவலகச் சுற்றறிக்கைபோல இருந்தது.

சோறு வைக்கவில்லை. ரொட்டி இருந்தது.

மார்ச் 13, திங்கள்

எழுதி முடித்து உறையில் போட்டுவிட்டேன். அடித்தல் திருத்தல் உண்டு. இன்னொரு முறை நல்ல தாளில் எழுதினால் இதையும் கெடுத்துவிடுவேன் என்பதால் அப்படியே அனுப்புகிறேன். பிரதி இது.

ஜெசிந்தாவுக்கு,

அத்தை சொன்னார். அவர்மேல் கோபப்படாதே, நான் கேட்டதால்தான் சொன்னார்.

அவர் சொல்வதற்கு முன்பே உன் லேப்டாப்பின் விசைகளைப் பார்த்து எனக்குத் தெரிந்துவிட்டது. பதினான்கு மாதம் நீ என் கண்ணெதிரே இருந்தாய். உன் முடியைப் பார்த்தேன், உடையைப் பார்த்தேன், கோப்பைகளை எண்ணினேன். உன் கையைப் பார்க்கவில்லை. ஒரு கையால் ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் எப்படி வேலை செய்தாய் என்று எனக்குப் புரியவில்லை. நான் முயன்று பார்த்தேன், பத்து நிமிடத்துக்குமேல் முடியவில்லை.

அன்று அத்தைமுன் நான் சொன்னது தவறு. அதை நகைச்சுவை என்று நினைத்துச் சொன்னேன். இதை எழுதக் கையைவிட மனசுக்கு அதிக நேரம் பிடித்தது. அதற்காக நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்க இப்போது வரவில்லை.

21ஆம் தேதி உனக்குப் பரிசோதனை என்று தெரியும். நான் வர விரும்புகிறேன். உன் சிநேகிதி வீட்டில் தங்கமாட்டேன், ஆஸ்பத்திரிப் பக்கம் ஒரு அறை எடுத்துக்கொள்வேன். உள்ளே கூப்பிட்டால் வருவேன், இல்லாவிட்டால் வெளியே பெஞ்சில் இருப்பேன். டாக்டரிடம் நான் ஒன்றும் கேட்கமாட்டேன். உன் முடியைப் பற்றியும் பேசமாட்டேன்.

நான் வருவதே உனக்குத் தொந்தரவு என்றால் வரமாட்டேன். அதையும் நீ தயங்காமல் சொல்லலாம்.

போனில் சொல்லாதே. போனில் நான் குறுக்கே பேசிவிடுவேன், நீ பாதியில் நிறுத்திவிடுவாய். நான் வரலாமா, வேண்டாமா என்று எழுதி அனுப்பு.

அம்மா